சிவனார்வேம்பும் கன்னியம்மாவின் காலும்

கண்ணு,

கன்னியம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தாய். வாங்கி அனுப்ப மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அவசரக்காரன், முழுக்கப் படிக்காமலே 'அம்மா பாத்துக்குவாங்க' என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். போனிலேயே பேசியிருக்கலாம்தான். பேசினால் நீ "மா, மா, ஒரு நிமிஷம் நான் சொல்றத கேளும்மா" என்பாய், நானும் கேட்பேன், கேட்டால் இளகிவிடுவேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் வாய்ஸ் மெசேஜைக் கடையில் ஆள் நிற்கும்போதே போட்டுவிட்டேன். "மா, ஒரு சின்ன ஹெல்ப். அந்த கன்னியம்மா இருக்காங்கல்ல, அனந்தபுரம் சைடு, கால்ல புண்ணு வந்துச்சே, அவங்க கிட்ட ஒரு கையெழுத்து வேணும். கைநாட்டு வெச்சாலும் போதும். தாள் அனுப்பியிருக்கேன், பிரிண்ட் எடுத்துக்கோ. தேதி மட்டும் போட்டுடாத, அத நான் போட்டுக்கிறேன். இது இருந்தாத்தான் என் ஆராய்ச்சிக் கட்டுரைய போடுவாங்களாம். அது வந்தாத்தான் ஜெர்மனி." எதிரே நின்றவர் சுக்கு கேட்டிருந்தார், நான் மிளகை நிறுத்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா, புள்ளயா? நல்லா இருக்குதா?" என்றார். நல்லாத்தான் இருக்குது என்று சொல்லி மிளகைத் திரும்ப டின்னில் கொட்டினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில்தான் அந்தத் தாளை எடுத்தேன். அங்கேயே நின்று படித்தேன். 'இந்த ஆராய்ச்சியைப் பற்றி எனக்குப் புரியும் மொழியில் முழுமையாக விளக்கப்பட்டது. யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின்பேரில் இதில் கலந்துகொண்டேன்.' அடேயப்பா! விளக்கியது யார்டா? நீயா? நானா? விரல் போன பிறகு விருப்பம் கேட்டுத் தாள் அனுப்புகிறாயே, அதுவும் பெற்றவள் கையில் கொடுத்து வாங்கி வரச் சொல்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

இந்தக் கடிதத்தை உன்னோடு இன்னொருவரும் படிக்கப் போகிறார். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன். அவருக்கு நம் வீட்டுக் கதை தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நம்முடையது செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடை. உன் நைனா இருந்தவரை அவர் பார்த்தார், அவர் போன பிறகு நான் பார்க்கிறேன். சுக்கும் திப்பிலியும், பிள்ளை பெற்றவளுக்கு லேகியச் சாமானும், கல்யாண வீட்டுக்கு மஞ்சளும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நம் கடையைத் தேடி பஸ் ஏறி வருகிறவர்கள் சிவனார்வேம்புக்காக வருகிறார்கள். பாறை ஓரத்திலும் கரம்பிலும் தாழப் படர்ந்து கிடக்கும் சின்னச் செடி அது. பொடி இலை, சிவந்த பூ. வேரோடு எடுத்து நிழலில் காயவைத்து இடித்து வைத்துக்கொண்டால், சொறி சிரங்குக்கும் அழுகிற புண்ணுக்கும் கொதிக்கவைத்துக் கழுவலாம், எண்ணெயில் குழைத்துப் பூசலாம்.

அந்தச் செடியை எடுக்க உன் நைனாவுக்கு ஒரு முறை இருந்தது. முதல் நாள் போய் மஞ்சள் துணியைக் கிழித்து அதற்குக் காப்புக் கட்டுவார். 'நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன், குடு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். மறுநாள் குளித்துவிட்டுப் போய்த்தான் பிடுங்குவார். மூலிகை எடுக்கிறவர்கள் பலர் செய்வதுதான். ஒருமுறை உன்னையும் கூட்டிப் போனார், நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். வழியெல்லாம் அவரைப் பிய்த்துப் பிடுங்கியிருக்கிறாய். "நைனா, செடிக்குக் காது இருக்குதா?" என்று கேட்டாயாம். "எனக்கு வாய் இருக்குதில்ல" என்றாராம். "அது வேணான்னு சொல்லிச்சின்னா?" "வுட்டுட்டு வந்துடுவேன்." "வேணான்னு சொல்றது உனக்கு எப்படிக் கேக்கும்?" அதற்கு அவர் சொன்னதை நீயே வந்து என்னிடம் ஒப்பித்தாய், சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் வந்துவிட்டது. "வூட்டுக்கு வந்து யோசிப்பேன்டா, நமக்கு இது நெசமாவே தேவையா, இத்தன தேவையான்னு. தேவையில்லன்னு தோணிச்சின்னா அதான் செடி சொன்னது." அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். பைத்தியக்கார மனுஷன் என்றேன்.

அவர் ஒருவர் கேட்டு எடுத்தால் போதுமா? மற்றவர்கள் கோணிப் பையோடு வந்து வாரிக்கொண்டு போனார்கள். வருஷத்துக்கு வருஷம் செடி குறைந்தது. கண்ணுக்கெதிரே காய்ந்துகொண்டு வந்த பாறைச் சரிவைப் பார்த்துத்தான் நீ அந்தப் படிப்பை எடுத்தாய் என்பதை நான் மறக்கவில்லை. ஒரு பொங்கலுக்கு வந்தபோது துணிப் பைக்குள் துணியில் சுற்றி ஒரு கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்தாய். உள்ளே கடல்பாசிக் கூழ், அதன்மேல் செடியின் ஒரே ஒரு கணு, கணுவிலிருந்து நகக்கண் அளவுக்குத் தளிர். "திசு வளர்ப்புன்னு பேரும்மா. ஒரு துண்டு போதும். அதுலேர்ந்து நூறு, நூறுலேர்ந்து ஆயிரம். இனிமே மலைய தொடவே வேணாம்." நான் அதைக் கொண்டுபோய் சாமி மாடத்தில் வைத்தேன். "ஐயோ, அங்க வெளிச்சம் பத்தாதும்மா" என்று நீ எடுத்து ஜன்னலில் வைத்தாய். உன் நைனா இல்லையே என்று அன்றைக்கு எவ்வளவு அழுதேன் தெரியுமா? சந்தோஷத்தில் அழுதேன்டா.

பிறகு வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் பச்சை வலை கட்டி, பாட்டிலில் வளர்ந்த கன்றுகளைக் கொண்டுவந்து வைத்தாய். பாட்டிலில் பிறந்ததற்கு வெளிக்காற்று ஆகாது, பாலிதீன் கவரால் மூடிவைத்து, தினம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும் என்றாய். நீ ஊருக்குப் போனதும் அதை நான்தான் செய்தேன். கடைக்குப் போகும் முன் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறினால் ஓடிவந்து மூடி, பிரசவமான வீட்டில் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பாதி அழுகிப் போனது. மீதி பிழைத்தது. பிழைத்ததெல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரு பூச்சிக்கடி இல்லை. அண்டை அயலாரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் போனில் ஒரு படம் காட்டினாய். வட்டமான கண்ணாடித் தட்டு. அதில் புண்ணில் சீழ் வைக்கிற கிருமியை வேண்டுமென்றே வளர்த்திருந்தாய். பால் ஏடு மாதிரி தட்டு முழுக்கப் படிந்து கிடந்தது. நடுவில் செடிச் சாற்றில் நனைத்த சின்னக் காகிதப் பொட்டு. பொட்டைச் சுற்றி மட்டும் கிருமி எட்டிப் பார்க்காமல் ஒரு வட்டம் தெளிவாக இருந்தது. "வட்டம் எவ்ளோ பெருசோ மருந்துக்கு அவ்ளோ பலம். இது மலைச் செடிம்மா" என்றாய். அப்படியா, நம் பாட்டில் செடிக்கு எப்படி என்று கேட்டேன். நீ போனைப் பையில் போட்டுக்கொண்டே, "அதுவும் அதே மாதிரிதாம்மா" என்றாய். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. பிள்ளை சொன்ன பிறகு தாய் என்னத்தைக் கேட்பாள்?

அடுத்த லீவில் நீ கடையில் இரண்டு டின் கொண்டுவந்து வைத்தாய். இரண்டிலும் இடித்த சிவனார்வேம்பு. பச்சை மூடி டின்னை அனந்தபுரம் பக்கத்து ஜனங்களுக்குக் கொடு, சிவப்பு மூடியைச் சீயமங்கலம் பக்கத்து ஜனங்களுக்குக் கொடு, மாற்றிக் கொடுத்துவிடாதே என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் தண்ணி வேற வேறம்மா. அதுக்கேத்த மாதிரி பதம் பண்ணியிருக்கேன்" என்றாய். எவ்வளவு அழகான பொய்! நாட்டு மருந்துக் கடைக்காரி நம்புகிற மாதிரி பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாய். தண்ணீருக்கும் மருந்துக்கும் சம்பந்தம் உண்டு என்று இந்தக் கடையில் வளர்ந்த உனக்குத் தெரியாதா? நான் அதை நம்பியதோடு நிற்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "எம் புள்ள உங்க ஊர் தண்ணிக்குன்னே செஞ்சி குடுத்துட்டுப் போயிருக்குது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டையும் முகர்ந்து பார்த்தேன், நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கசப்பு. உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று என்னைக் கேட்காதே, தெரியவில்லை.

கன்னியம்மா அப்படித்தான் பச்சை மூடிக்கு வந்து சேர்ந்தாள். அனந்தபுரத்துக்கு அந்தாண்ட ஒரு கிராமம். களை எடுக்கப் போன இடத்தில் முள் குத்தி, கால் சுண்டுவிரல் ஓரம் புண்ணாகி, ஆறாமல் வந்தாள். சர்க்கரை வேறு இருக்கிறது அவளுக்கு. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் புண் என்றால், முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வா, பிறகுதான் பொட்டலம் என்பது நம் கடையில் உன் நைனா வைத்த சட்டம். சண்டை போட்டாலும் கொடுக்க மாட்டார். நானும் அதையேதான் அவளிடம் சொன்னேன். நீ உள்ளே உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தாய். "எதுக்கும்மா அவங்கள அலைய வுடுற? நான் போட்டோ எடுத்து எங்க டாக்டர் கிட்ட காட்டுறேன்" என்றாய். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, வெந்நீரில் கழுவி, காலை என் கையில் ஏந்திக்கொண்டேன். "கொஞ்சம் இந்தாண்ட திருப்பிப் புடிம்மா, வெளிச்சம் பத்தல" என்றாய். திருப்பிப் பிடித்தேன்.

அதற்கப்புறம் அவள் வருகிற போதெல்லாம் நீ ஊரில் இருந்தால் நீ எடுத்தாய், இல்லாவிட்டால் என்னை எடுத்து அனுப்பச் சொன்னாய். அவள் உன்னிடம் கேட்பாள், "டாக்டரு இன்னா சொன்னாரு தம்பி?" நீ சொல்வாய், "ஆறிடும்னு சொன்னாரு அத்த. பூசிகினே இருங்க." வாய் கூசவில்லையே உனக்கு! அத்தை என்று வேறு கூப்பிட்டாய். புண் ஆழமாகிக்கொண்டே போவதை நானும் பார்த்தேன். ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயேன் என்றுகூட வாய் வரை வந்தது. டாக்டரே பார்த்துச் சொல்லும்போது நாம் யார் என்று அடக்கிக்கொண்டேன். பிறகு அவள் வரவில்லை. அவள் ஊர்க்காரி ஒருத்தி மஞ்சள் வாங்க வந்தவள் சொன்னாள், விரல் கறுத்துப்போய் விழுப்புரம் பக்கம் கொண்டுபோனார்களாம், எடுத்துவிட்டார்களாம். இன்னும் தாமதமாயிருந்தால் பாதம் போயிருக்கும் என்று அங்கே திட்டினார்களாம். உனக்குப் போன் பண்ணி அழுதேன். "சுகர் ஜாஸ்திம்மா, நாம இன்னா பண்ண முடியும்" என்று என்னைத் தேற்றினாய். நீ என்னைத் தேற்றினாய்!

உண்மை எனக்கு எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியும், நீயே திரை போட்டுக் காட்டியதுதானே. நம் பக்கத்துக் கல்லூரியில் உன்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்ப் பையன், ஜெர்மனி போகப் போகிறான் என்று மாலையெல்லாம் போட்டார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிவனார்வேம்பு படம் வந்தது, பாட்டில் வந்தது, நம் கொல்லையில் கட்டிய பச்சை வலை வந்தது. பக்கத்தில் இருந்த டீச்சரம்மாவிடம், இது எங்க வீடு என்று சொன்னேன். பிறகு இரண்டு தட்டுகளை அருகருகே காட்டினாய். ஒன்றில் பெரிய வட்டம், ஒன்றில் பொட்டைச் சுற்றி ஒரு கோடு மாதிரி மட்டும். பெரியது மலைச் செடி, சின்னது பாட்டில் செடி. வெயில், வறட்சி, பூச்சி எதையும் பார்க்காமல் சொகுசாக வளர்ந்ததால் கிருமியை எதிர்க்கும் சத்து அதில் சேரவில்லை என்று விளக்கினாய். எனக்குச் சுருக்கென்றது. அதே மாதிரிதான் என்றானே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள், 'தட்டில் தெரிந்தது மனித உடம்பிலும் அப்படித்தானா என்று பார்க்க விரும்பினோம்' என்றாய். இரண்டு கால்களின் படம் வந்தது. ஒன்று ஆறியிருந்தது. இன்னொன்றை ஒரு கை ஏந்திக்கொண்டிருந்தது. அது என் கை. என் கண்ணாடி வளையல். என் முகத்தை வெட்டிவிட்டிருந்தாய், கையை வெட்ட முடியவில்லை. கையை வெட்டினால் காலும் போய்விடுமே என்று விட்டிருக்கிறாய் போலிருக்கிறது. சீயமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு மலைச் செடி, அனந்தபுரம் பக்கத்து ஆட்களுக்குப் பாட்டில் செடி என்று கோடு போட்ட கட்டம் ஒன்று வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேனா இல்லையா என்று நினைவில்லை.

வெளியே வந்து, டாக்டர் யார்டா என்று கேட்டேன். நீ மாலையைக் கழற்றிப் பையில் திணித்தாய். டாக்டரே கிடையாது என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு ஏதேதோ சொன்னாய். "சொல்லிட்டுக் குடுத்தா சரியா வராதும்மா, அவங்க மனசுல ஒரு நெனப்பு வந்துடும். சயின்ஸ்ல இப்படித்தான்." பொய். சயின்ஸில் அப்படி இல்லை. எந்த டின் யாருக்கு என்று சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு டின் இருக்கிறது, சோதித்துப் பார்க்கிறேன், உனக்குச் சம்மதமா, புண் பெருத்தால் உடனே டாக்டரிடம் கொண்டுபோவேன் என்று முதலிலேயே சொல்லிக் கேட்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ அனுப்பிய அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது, படித்துப் பார்.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. விரல் போகும் என்று உனக்குத் தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டாய். பாட்டில் செடியை வெயிலில் வாட்டி, அரைப்பட்டினி போட்டு வளர்த்தால் சத்து ஏறும் என்று கண்டுபிடித்ததாக நீ மேடையில் சொன்னதும் நிஜமாகவே இருக்கலாம். அதனால் மலை பிழைக்கலாம், நாளைக்கு நாலு பேர் கால் பிழைக்கலாம். உன் படிப்பின்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை விட்டுவிடாதே. ஆனால் என்னைக் கேட்டிருக்கலாமேடா. 'மா, இது வேலை செய்யுதான்னு தெரியல, யாருக்காவது குடுத்துப் பாக்கணும்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என் காலை நீட்டியிருக்க மாட்டேனா? எனக்கும்தான் வெடிப்பும் புண்ணும் வருகிறது. உனக்குத் தேவைப்பட்டது என் கால் இல்லை, என் கை. நம் கடையில் மருந்தைப் பலகைமேல் வைக்க மாட்டோம், வாங்குகிறவர் கையில்தான் கொடுப்போம், 'இது என் பொறுப்பு' என்று அதற்கு அர்த்தம். அந்தக் கையை எடுத்து நீ உபயோகப்படுத்திக்கொண்டாய். எத்தனை பேரை நம்பவைத்துக் கழுத்தறுத்தேனோ நான், எனக்கே தெரியாமல். செடியிடம் கேட்டு எடுத்தவரின் பிள்ளை நீ. மனுஷியிடம் கேட்கவில்லை.

அன்றைக்கே இரண்டு டின்னையும் கொட்டினேன். பச்சை மூடியில் வாங்கியவர்களில் முகம் ஞாபகம் இருக்கிறவர்கள் வரும்போதெல்லாம் புண் ஆறிற்றா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கன்னியம்மாவிடம் போகவில்லை. என்ன சொல்வேன்? பெற்ற பிள்ளையைப் பற்றி எப்படி வாயைத் திறப்பேன்? இப்படியே போகட்டும், நீயும் வெளிநாடு போய்விடுவாய், எல்லாம் மறந்துவிடும் என்று இருந்துவிட்டேன். உன் தாள் வந்த பிறகுதான், நீ இதை மறக்கப் போவதில்லை, மூடப் போகிறாய் என்று புரிந்தது.

நேற்று காலையில் கடையைத் திறக்காமல் அனந்தபுரம் பஸ் ஏறிவிட்டேன். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், மடியெல்லாம் கடலைத் தோல். "வாங்க கடக்காரம்மா, இன்னா இவ்ளோ தூரம்?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள், கால் ஊன்றுவதில் ஒரு தடுமாற்றம். உட்காரு என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். டின்னைச் சொன்னேன், தட்டைச் சொன்னேன், திரையில் வந்த காலைச் சொன்னேன், டாக்டர் என்று யாருமே இல்லை என்பதைச் சொன்னேன், இப்போது நீ தாள் கேட்டதையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. உரித்தபடியே ஒன்று கேட்டாள். "அந்த சைடு ஆளுங்களுக்குக் குடுத்தது நல்ல மருந்தாம்மா?" ஆமாம் என்றேன். "எங்க சைடுக்கு இன்னாத்துக்கு இத குடுத்தாரு? நாங்க இன்னா பண்ணோம்?"

சொல்லு, இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று நீ பிரித்தபோது ஏதாவது காரணம் இருந்ததா, இல்லை கைக்கு வந்த மூடியை வைத்தாயா?

கன்னியம்மாவே பேச்சை மாற்றினாள். தம்பிக்கு ஏதோ தாள் வேண்டும் என்றீர்களே, எங்கே என்றாள். எடுத்துக் காட்டினேன். கைநாட்டு வைத்தாலே போதும் என்று நீ சொன்னதையும் சொன்னேன். "கைநாட்டு இன்னாத்துக்கு? எனக்குக் கையெழுத்து போடத் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போறப்போ கத்துகினேன்" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு மனசு உடைந்துவிட்டது. இத்தனையும் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்கிறாளே! தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "வுடும்மா. போன வெரலு வரப் போவுதா? புள்ள பொழப்பு கெட்டுடக் கூடாது. குடு, போட்டுக் குடுக்கிறேன், போயிட்டு வரட்டும்."

முடியாது என்றேன். உன் பேராசிரியருக்கு நடந்ததை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதான், அதுவரை தடவிக் கொடுத்தவள் என்மேல் பாய்ந்துவிட்டாள். "பெத்த புள்ளய நீயே காட்டிக் குடுப்பியா? நீயெல்லாம் ஒரு தாயா? எனக்கு ஒரு வெரலு போச்சுன்னா உனக்குப் புள்ள போயிடும்மா!" என்று கத்தினாள். தெரு ஜனம் எட்டிப் பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை. மன்னிப்பது உன் பெரிய மனசு, அதைக் காட்டி என் பிள்ளைக்குக் காரியம் சாதித்துக்கொள்ள நான் வரவில்லை என்று சொன்னேன். அவளுக்கு அது புரிந்ததோ என்னவோ, கோபம் மட்டும் தணிந்தது. கிளம்பும்போது கடிதத்தில் அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றிருந்தால் போட்டிருக்க மாட்டேன். "படத்துல என் பேரு இருந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை, வெறும் கால்தான் என்றேன். "அப்போ இதுலயாவது போடு. கன்னியம்மான்னு போடு." அதனால்தான் நீ, நான், உன் பேராசிரியர் யார் பெயரும் இல்லாத இந்தக் கடிதத்தில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது.

ஆமாம், இதைப் படிக்கப் போகிற இன்னொருவர் உன் பேராசிரியர்தான். இதன் நகலும், நீ அனுப்பிய தாளும் இன்றைக்கே தபாலில் போகிறது. தாளில் கையெழுத்துப் போடுகிற இடம் காலியாகத்தான் இருக்கிறது. கட்டுரை நிற்கலாம், ஜெர்மனி கைவிட்டுப் போகலாம், நீ படிக்கிற இடத்திலிருந்தே உன்னை அனுப்பினாலும் அனுப்பலாம். இதையெல்லாம் யோசிக்காமல் செய்தேன் என்று நினைக்காதே. வயிறு எரிய எரிய யோசித்தேன். என்னை ஏமாற்றியதை மட்டும் வைத்துப் பார்த்தால் மன்னித்துத் தொலைத்திருப்பேன், பெற்றவளுக்கு வேறு வேலை என்ன? இது என்னோடு முடிகிற கணக்கில்லை. இன்றைக்குத் தேதி போடாத தாளுக்கு வழி கிடைத்துவிட்டால், நாளைக்கு வேறு ஊரில் வேறு யாரோ ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். அவளை உன்னிடமிருந்து காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என்மேல் கோபம் வரும். வரட்டும். பேசாமல் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. கோபம் தீர்ந்ததும் ஊருக்கு வா. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேரே வீட்டுக்கு வந்துவிடாதே, அனந்தபுரம் பஸ்ஸில் ஏறு. கன்னியம்மா எதிரே உட்கார். காலில் விழுகிற நாடகமெல்லாம் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. எங்க சைடுக்கு இன்னாத்துக்கு என்று கேட்டாள் அல்லவா, அதற்கு மட்டும் உண்மையான பதிலைச் சொல்லு. காரணமே இல்லை என்றால் காரணமே இல்லை என்று சொல்லு. அவள் திட்டினால் வாங்கிக்கொள். அதற்கப்புறம் வீட்டுக்கு வா, சோறு ஆக்கி வைத்திருக்கிறேன்.

உள்ளே விடுவதற்கு முன் ஒன்று கேட்பேன், அங்கே போய்விட்டுத்தான் வருகிறாயா என்று. போகாமலே போனேன் என்று சொல்லிவிடாதே, கண்ணு. நீ சொன்னால் நான் இப்போதும் நம்பிவிடுவேன்.

உன் அம்மா